சுற்றுக்கம்பி வாங்கிய ஆடி

என் மகன் அந்தச் சட்டியை ஜீப்பிலிருந்து இறக்கிய அன்றைக்கு நான் கிட்டேயே போகவில்லை. கறுப்பாக, உருண்டையாக, மூன்று காலில் நின்றது. மேலே அதே மாதிரி உருண்டையாக ஒரு மூடி. மூடியின் உச்சியில் காற்றுக்கு ஓட்டைகள், அதைத் திறக்கவும் அடைக்கவும் ஒரு தகடு. பார்க்க யாரோ கொல்லையில் குத்த வைத்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

மலைமேல் ஒரு ரிசார்ட்டில் அவன் சமையல் வேலை பார்த்தான். அதை இழுத்து மூடியபோது அங்கிருந்த சாமான்களை வந்தவர் போனவருக்கெல்லாம் விற்றார்கள். மற்றவர்கள் கட்டிலும் மெத்தையும் வாங்கினார்கள். இவன் இதை வாங்கிக்கொண்டு வந்தான். கெட்டில் கிரில் என்பான். எனக்கு அது வாயில் வராது, கரிச்சட்டி என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோழியைத் துண்டு போட்டு அதில் சுடுவான். சுட்டுக்கொண்டே குறைப்பட்டுக்கொள்வான்.

"துண்டாச் சுடுறதெல்லாம் ஒரு சுடலா ஆத்தா? இதுக்குன்னே வளையம், கம்பி, மோட்டார் எல்லாம் ஒரு செட்டா விக்கிது. மாட்டி விட்டுட்டா முழுக்கோழி தன்னால சுத்தும். அது நெய்யி அது மேலயே வடிஞ்சு, தோலு அப்பளம் மாதிரி வரும். வாங்கணும்."

வாங்கணும், வாங்கணும் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தான். ஒரு சாரல் நாளில் போடிமெட்டு ரோட்டில், ஒரு கொண்டை ஊசி வளைவில், மூடுபனிக்குள் அவன் வண்டி பள்ளத்துக்குப் போய்விட்டது. சட்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடியது என் மருமகள். அதற்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை.

ஆனால் அது சும்மா இருக்கவில்லை. ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கும்போது தார்ப்பாய்க்குள் அந்தத் தகடு கிடுகிடுவென்று ஆடும். மருமகள் எழுந்து போய்க் கொல்லைக் கதவைச் சாத்துவாள். காற்று என்று அவளும் சொல்ல மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன்.

எனக்கு இன்னொன்றும் கேட்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் நடக்கிற சத்தம். சின்ன வயதில் ஜீப்பிலிருந்து விழுந்து அடிபட்ட இடது காலை அவன் கொஞ்சம் இழுத்து வைப்பான். செருப்பு தரையில் உரசும், பிறகு மறு கால் ஊன்றும். ‘சர்ர்ர், டக்’ என்று. தெருவில் எத்தனை பேர் நடந்தாலும் அவன் நடை தனியாகத் தெரியும். அவன் போன பிறகும் வீட்டுச் சந்துப் பக்கம் அவ்வப்போது அது கேட்டது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் கோடாங்கியைக் கூப்பிடு என்பார்கள். கோடாங்கி வந்து உடுக்கு அடித்தால் விரட்டிவிடுவான். எனக்கு விரட்ட இஷ்டமில்லை.

போன வருஷம் ஆடி பிறந்ததும் மருமகளின் அண்ணன் திருப்பூரிலிருந்து போன் போட்டார். பனியன் கம்பெனியில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறாராம். ஆடி கழிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்றார். அவள் போனை வைத்துவிட்டு என் பக்கம் பார்த்தாள். நான் முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தேன்.

என்ன சொல்வது? பிள்ளை குட்டி இல்லை. அவளை இந்த வீட்டில் பிடித்து வைக்க நான் ஒருத்திதான் இருந்தேன். அதுவும் வாயில்லாதவள். வயதுப் பிள்ளையிடம் ‘எனக்காக இரு’ என்று எப்படிக் கேட்பது? நாங்கள் இரண்டு பேரும் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சை தனி, வெளுப்பு தனி, வெடித்தது தனி என்று நாள் முழுக்கப் பிரிப்போம். அதிலேயே எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

அந்த வாரமே இன்னொரு போனும் வந்தது. மெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்கு நடுவில் ஒரு பழைய பங்களாவை வைத்து ஆள் தங்க விடுகிற மலையாளத்துச் சேச்சி. என் மகன் ரிசார்ட்டில் இருந்தபோதே அவருக்குப் பழக்கம். முழுக்கோழி சுற்ற வைத்துச் சுட்டுத் தருகிறேன் என்று அவரிடமும் சொல்லி வைத்திருந்தானாம். ‘நீ செய்வாயா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குச் செய்து கொண்டுவா. வந்தவர்கள் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்றால் அடுக்களையை நீயே பார்த்துக்கொள்’ என்று மருமகளிடம் கேட்டிருக்கிறார்.

மருமகள் அன்றைக்கு ராத்திரிச் சோறு தின்னும்போது சொன்னாள்.

"அத்தை, அந்தச் சோலி கிடைச்சா அண்ணன்கிட்ட நான் வரலைன்னு சொல்லிருவேன். கிடைக்கலைன்னா போயிருவேன். ஒங்ககிட்ட மறைக்கலை."

"சரித்தா" என்றேன்.

"அந்தச் செட்ட வாங்கணும். சட்டியத் தொறக்கணும்."

மறுநாள் காலையில் அவளேதான் தார்ப்பாயை எடுத்தாள். உள்ளே பழைய சாம்பல் கட்டியாக இறுகிக் கிடந்தது. அது அவன் கடைசியாகப் போட்ட கரி. அவள் கரண்டியை வைத்துக்கொண்டு நின்றாள். நான் கையை விட்டு அள்ளினேன். கொட்ட மனசில்லை. முருங்கை மரத்தடியில் குழி பறித்து மூடினேன்.

செட்டைப் போனில் பார்த்தோம். வளையம் வளையமாக எத்தனையோ படம். எது எங்கள் சட்டிக்கு உட்காரும் என்று படத்தில் தெரியவில்லை. "படத்துல எல்லாம் ஒரே வாயாத்தான் இருக்கு" என்று அவள் போனை மூடிவிட்டாள். நேரில் பார்த்து வாங்குவோம் என்று தேனிக்கு பஸ் ஏறினோம். கிளம்புமுன் நான் தையல் நூலால் சட்டியின் வாயைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டு, முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஓட்டல் சாமான் விற்கிற கடை. கடைக்காரர் வயதில் சின்னவர். எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னக்கா, தந்தூரிக் கடை போடப் போறீகளா? மாமியாளும் மருமகளும் சேர்ந்தா?"

"போட்டா ஒங்களுக்கென்ன நட்டம்? மொதல்ல சாமானக் காட்டுங்க" என்றாள் மருமகள்.

அவர் இரண்டு விதம் காட்டினார். ஒன்று, சட்டியின் விளிம்பில் இரண்டு பக்கமும் கவ்வி நிற்கிற தாங்கி. அதன் மேல் கம்பியைப் படுக்க வைக்க வேண்டியதுதான். இலேசாக இருந்தது. இன்னொன்று முழு வளையம். சட்டிக்கும் மூடிக்கும் நடுவில் உட்காரும். கம்பி நுழைய வளையத்திலேயே வெட்டு விட்டிருந்தார்கள்.

"இந்தத் தாங்கியப் போட்டா மூடி உக்காருமா?" என்று கேட்டாள்.

"மூடி எதுக்குக்கா? தொறந்தே சுத்தட்டும். பாக்கவும் அழகா இருக்கும்."

"எங்க ஊர்ல ஆடிக் காத்து அடிக்கிது. தொறந்து வச்சா கோழி வேகாது, நாங்கதேன் வேகணும்."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்து வளையத்தை எடுத்து முன்னால் வைத்தார். "சட்டி வாய் எம்புட்டு அகலம்?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு ஆம்பளையாட்கள் முன்னால் பேச வராது. நூலை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன். அவர் அதை வளையத்தைச் சுற்றிப் பிடித்தார். முதல் வளையம் பெரிது. உள்ளேயிருந்து வேறொன்று எடுத்துவந்தார். நூல் முனை முடிச்சோடு சேர்ந்தது.

கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தோம். சதுரக் கம்பி, ஒரு முனை கூர். இரண்டு கவ்வுமுள், கோழியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குத்திப் பிடித்துத் திருகாணியால் முடுக்குவதற்கு. திருகாணி வழுக்குகிறதா என்று மருமகள் முடுக்கி முடுக்கிப் பார்த்தாள். பிறகு மோட்டார். கரண்டில் ஓடுவது ஒன்று, பேட்டரியில் ஓடுவது ஒன்று. கரண்டு மோட்டாரைப் போட்டுக் காட்டினார். ‘உர்ர்’ என்று ரைஸ்மில் மாதிரி இரைந்தது. பேட்டரி மோட்டார் சுற்றுவதே தெரியவில்லை.

"கரண்டுல ஓடுறதுதேன் பலம். ரெண்டு கோழி குத்துனாலும் இழுக்கும்" என்றார்.

காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் கரண்டு நிற்பதே இல்லை. நான் மருமகளின் சேலையை இழுத்து, பேட்டரியைக் காட்டினேன். அதையே வாங்கினோம். ‘உர்ர்’ என்று இரைகிறதை வாங்கியிருந்தால் வேறு எந்தச் சத்தமும் எங்கள் காதில் விழுந்திருக்காது. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை ஒரு சாயங்காலம் செய்து பார்த்தோம். பிராய்லர் கோழி. உப்பு, மஞ்சள், மிளகு, பூண்டு, தயிர், கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போட்டு ஊற வைத்திருந்தாள். கரியைச் சட்டியின் இரண்டு ஓரத்திலும் ஒதுக்கி, நடுவில் தண்ணீர் ஊற்றிய தட்டு வைத்தாள், நெய் வடிந்தால் பற்றாமலிருக்க. கம்பியைக் கோழிக்குள் விட்டு முள்ளை முடுக்கினாள். காலையும் றெக்கையையும் உடம்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். நூல் எங்கே என்றாள். நான் வாழைநாரை நனைத்துக் கொடுத்தேன். பூக்கட்டுவதும் அதில்தான், இலைக்கட்டு கட்டுவதும் அதில்தான். நனைத்த நார் தாங்கும் என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது.

வளையத்தை ஏற்றி, கம்பியை மாட்டி, மூடியைப் போட்டாள். சத்தமில்லாமல் சுற்றியது. மூடியின் ஓட்டையிலிருந்து புகை நூல் மாதிரி ஏறியது. அந்த வாசனை வந்தது. அவன் சட்டையில் வருகிற வாசனை. அவள் முகத்தைப் பார்க்காமல் நான் அடுப்படிக்குப் போய் விளக்கு ஏற்றினேன்.

விளக்கு ஏற்றிய கையோடு கேட்டது.

சர்ர்ர். டக்.

குச்சி விரலைச் சுடுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றேன். திரும்பவும் கேட்டது. சர்ர்ர். டக். நிதானமாக, ஒரே சீராக, கொல்லைப் பக்கமிருந்து. அவன் வேலை முடிந்து வருகிற நடை. ஒரு எட்டுக் கூடவில்லை, குறையவில்லை.

மருமகள் கொல்லை வாசலில் நிலையைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தை, கேக்குதா?"

"கேக்குது."

"ஒங்களுக்கும் கேக்குதா?"

"எனக்கு எப்பவுமே கேக்கும்" என்றேன். அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாததை அப்படிச் சொல்லிவிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே கேட்டுக்கொண்டு நின்றோம். போய்ப் பார்க்கலாம் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கருகல் வாடை வந்த பிறகுதான் அவள் ஓடிப்போய் மூடியைத் தூக்கினாள். நார் எரிந்து அறுந்திருந்தது. கோழியின் ஒரு றெக்கை விரிந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் வளையத்தில் உரசி, கனத்த பக்கம் டக்கென்று கீழே விழுந்துகொண்டிருந்தது. உரசல் ஒன்று, விழுவது ஒன்று. அவ்வளவுதான்.

அவள் பார்த்தாள். பிறகு மோட்டாரை நிறுத்தினாள். சத்தம் நின்றது.

"றெக்கை" என்றாள்.

"ஆமா."

ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் ரத்தம் தெரிந்த அந்தக் கோழியைத் துண்டு போட்டுக் குழம்பு வைத்துத் தின்றோம். தின்றுகொண்டிருக்கும்போது அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. நான் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அதற்குப் பிறகு அவள் விடவில்லை. போனில் யாரோ செய்து காட்டுவதைப் பார்த்தாள். பருத்தி நூல் வாங்கி வந்து நனைத்துக் கட்டினாள். கோழியைக் கம்பியோடு இரண்டு உள்ளங்கையிலும் கிடத்தி, எந்தப் பக்கம் தானாகக் கீழே புரள்கிறது என்று பார்த்தாள். புரண்டால் முள்ளைக் கழற்றித் திரும்பக் குத்தினாள். கையில் எந்தப் பக்கமும் சாயாமல் கோழி அசையாது கிடக்கிற வரைக்கும் இதேதான். அப்படிக் கிடந்தால் மோட்டார் திணறாது, ஒரே மாதிரி சுற்றும், ஒரே மாதிரி வேகும்.

அடுத்த கோழி அப்படித்தான் சுற்றியது. ஒரு முனகல்கூட இல்லை. தோல் பொன்னாக வந்தது. தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அவன் சொன்னது பொய்யில்லை.

நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். றெக்கைதான் என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. பார்த்த பிறகும் என்ன? சட்டி அமைதியாகச் சுற்றியபோது வீட்டிலிருந்து யாரோ எழுந்து வெளியே போனது மாதிரி இருந்தது. சந்துப் பக்கமும் அன்றிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. மருமகளிடம் ‘நல்லா வந்திருக்குத்தா’ என்றேன். அது மெய்தான். அவள் இருப்பாள் என்கிற நம்பிக்கை அப்போதுதான் எனக்கு வந்தது. சந்தோஷப்படத்தான் வேண்டும். பட்டேன். ஆனாலும் ராத்திரி படுத்த பிறகு சந்துப் பக்கமே முகத்தை வைத்துக் கிடந்தேன்.

சேச்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே இரண்டு கோழி சுட்டு, வாழையிலையில் சுற்றி, அலுமினிய டப்பாவில் வைத்து, துணியைப் போட்டுப் பொதிந்தாள். மேலே போய்க் கொஞ்சம் சூடு காட்டினால் போதும். நீங்களும் வாங்க என்றாள். நானும் கிளம்பினேன்.

ஜீப்புக்காரன் எங்கள் தெருப் பையன்தான், என் மகனுக்குக் கூட்டாளி. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். அன்றைக்குப் பள்ளத்தில் இறங்கி என் மகனைத் தூக்கி வந்தவனும் அவன்தான். டப்பாவைப் பின்சீட்டில் வைத்ததும் அவன் மூக்கை உறிஞ்சினான்.

"கறியா மதினி?"

"சுட்ட கோழி. பங்களாவுக்கு."

"கரித்துண்டும் ஆணியும் போட்டாச்சா?"

எங்கள் பக்கத்தில் கறிச்சோறு வெளியே கொண்டுபோனால் ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பும் கூட வைப்போம். இல்லாவிட்டால் வாசனைக்குப் பின்னாலேயே வரும் என்பார்கள். எது வரும் என்று சொல்ல மாட்டார்கள். கண்ட இடத்தில் அடிபட்டு, விழுந்து, ஆசை தீராமல் போனவர்கள் என்று அர்த்தம். எனக்கு அது மறக்கவில்லை. கரி மூட்டை கொல்லையில்தான் இருந்தது. காலையில் டப்பாவைக் கட்டும்போதே நினைப்பு வந்தது. கை போகவில்லை.

"பட்டப்பகல்ல என்னத்துக்குண்ணே?" என்றாள் மருமகள்.

"மேல போறப்ப உச்சிப்பொழுது ஆயிரும் மதினி. அதுவும் இருட்டுன மாதிரிதேன்."

"அங்க யாரு நிக்கப் போறாக? வேத்தாளா? ஒங்க கூட்டாளிதானே?"

அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு இறங்கி வந்தான்.

"கூட்டாளிதேன் மதினி. அதான் பயம். வேத்தாளா இருந்தா வஞ்சுட்டுப் போயிருவேன். அவன் நில்லுடா மாப்ளேன்னா நான் நிப்பாட்டிருவேன். அது நிப்பாட்டுற எடமா? நாலு பேரு உசுரு இருக்கு வண்டியில. நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி, கரியில்லாம அந்த வளைவுல நான் வண்டி திருப்ப மாட்டேன்."

தோட்டத்துக்குப் போகிற இரண்டு பெண்கள் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் இறங்குவதற்குக் காலைத் தொங்கப் போட்டார்கள். வேறு ஜீப்பு அந்த நேரத்துக்கு இல்லை. பஸ்சில் போனால் மதியம் தாண்டிவிடும்.

மருமகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த வேலை வேண்டும். எனக்கு அவள் வேண்டும். அதற்கு இடையில் அந்த வளைவில் அவன் நிற்கிறான். வாங்கணும் வாங்கணும் என்று வாய் ஓயாமல் சொன்னவன், ஒரு விள்ளல்கூட வாயில் வைக்காமல் நிற்கிறான். அவன் மூக்குக்கு முன்னாலேயே கொண்டுபோய், அவனை எட்டி நில்லு என்று சொல்ல வேண்டும்.

"நான் வச்சுர்றேன் அத்தை. நீங்க ஏறி உக்காருங்க" என்று அவள் வீட்டுக்குள் திரும்பினாள்.

"நீ வைக்காத" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "பொண்டாட்டி வச்சா வருத்தப்படுவான். நான் வைக்கிறேன். ஆத்தா வஞ்சா அவன் மனசுல வச்சுக்கிற மாட்டான்."

கொல்லைக்குப் போனேன். சட்டி இன்னும் கதகதவென்று இருந்தது. காலையில் அணைத்த கரியில் ஒரு துண்டு எடுத்தேன். ஆணிக்குத் தேடிவிட்டு, கதவில் சாவி மாட்டுகிற ஆணியையே பிடுங்கிக்கொண்டு வந்தேன். துணியை விலக்கி இரண்டையும் டப்பாவின் ஓரத்தில் வைத்தேன். வைக்கும்போது வாய்க்குள்ளேயே சொன்னேன், "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. அவ பொழப்புக்குப் போறா."

ஜீப்பு அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி மலை ஏறியது. அந்த ரோட்டில் நான் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். அவன் போன பிறகு ஒவ்வொரு தடவையும் அந்த வளைவுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். முதுகுத்தண்டில் பச்சைத் தண்ணீர் விட்ட மாதிரி இருக்கும். காது அடைக்கும். கண்ணை மூடிக்கொண்டாலும் இதுதான் இடம் என்று தெரியும்.

அன்றைக்குப் பனி இறங்கியிருந்தது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே திருப்பினான். மருமகள் டப்பாவை மடியில் வைத்து அணைத்துப் பிடித்திருந்தாள். பாறை வந்தது, தண்ணீர் கசிகிற இடம் வந்தது. நான் காத்திருந்தேன். முதுகு சில்லிடவில்லை. காதும் அடைக்கவில்லை. எல்லா வளைவும் போல அதுவும் ஒரு வளைவாக இருந்தது, போய்விட்டது. சொன்ன பேச்சைக் கேட்டுத் தள்ளி நின்றுவிட்டான். சின்னப் பிள்ளையிலிருந்தே அவன் அப்படித்தான், ஒரு தடவை சொன்னால் போதும். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். குளிருதா பெரியம்மா என்று டிரைவர் கேட்டான். ஆமாம் என்றேன்.

பங்களாவில் சேச்சி எங்களை அடுக்களைக்குள்ளேயே விட்டார். மருமகள் கோழியைச் சூடு காட்டி, நூலை வெட்டி எடுத்து, தட்டில் வைத்துக் கொண்டுபோனாள். நான் அடுக்களை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஏலச்செடி பனிக்குள் நின்றது. அந்தப் பக்கம் சாப்பிடுகிறவர்கள் பேச்சு கேட்டது. பிறகு பேச்சு நின்றது. பேச்சு நின்றால் ஒன்று ரொம்ப நன்றாக இருக்கும், இல்லை ரொம்ப மோசமாக இருக்கும்.

சேச்சி வந்தார். கையில் வெறும் தட்டு.

"நன்னாயிட்டுண்டு. அவன் பறஞ்ச மாதிரியே" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "வெள்ளி வந்தா, திங்கள் போகாம். அம்மையும் கூட வரட்டே. முறி உண்டு." வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை திரும்பலாம், எனக்கும் சேர்த்துத் தங்க அறை இருக்கிறதாம்.

மருமகள் தலையை ஆட்டினாள். உடனே போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற படிக்கட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போய் நின்றேன்.

"அண்ணே, நான் வரலை. எனக்கு இங்க சோலி கிடைச்சிருக்கு."

அவர் கத்துவது எனக்கே கேட்டது. "அந்தக் கிழவியப் பாத்துக்கிட்டே கிடக்கப் போறியாக்கும்?"

"கிழவிய நான் பாக்கலை. கிழவிதேன் என்னியப் பாக்குது. நீங்க ஆடி கழிஞ்சு வாங்க, கோழி சுட்டுத் தர்றேன். தின்னுட்டுப் போங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வழக்கம்போலக் குனிந்தேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். அவள் மயிரில் கரிப்புகை வாசம்.

சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கினோம். தோட்டத்துப் பெண்கள் வரவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான் பின்னால். கழுவிய டப்பா காலடியில் கிடந்தது. கரியையும் ஆணியையும் மருமகள் பங்களா வாசலிலேயே எறிந்திருந்தாள். இனி எதற்கு என்றாள்.

அந்த வளைவுக்கு வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே பாறை ஓரமாக ஒதுக்கி எஞ்சினை அணைத்தான். நிப்பாட்டுற இடமில்லை என்று காலையில் சொன்னவன். பனி ரோட்டின் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் முன்னால் பார்த்தபடியே, "மாப்ளே" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நான் சீட்டில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். மருமகள் பார்த்தாள். அவளும் அந்தப் பக்கம் நகர்ந்து, எங்கள் நடுவில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டிரைவர் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.